நீராக அனுப்பும்வரை

மே 14, புதன்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு வெயில். மூன்று மணிக்கு மழை. துவைத்த யூனிபார்ம் மூன்றாவது நாளாகக் கொடியில்.

இன்றைக்கு:
தடுப்பூசிப் பெட்டி கழுவ. ஆயிற்று.
சத்து மாத்திரை இருப்பு எழுத. ஆகவில்லை.
ஜெனிக்கு ஸ்கூல் ஷூ அளவு கேட்க. (மகளிடம் கேட்டால் பதில் வராது. அவள் அப்பாவிடம் கேட்க.)
செல்வி வீடு.

செல்விக்கு இது இரண்டாவது. எட்டாம் மாதம் முடிகிறது. ஹெச்.பி. 7.4, பதினொன்றாவது இருக்க வேண்டியது. மாத்திரை அட்டை எங்கே என்றால் காலி அட்டையைக் காட்டுகிறாள். மாத்திரை இவள் வயிற்றுக்குப் போனதா, கோழிக்குப் போனதா தெரியாது. "முழுங்கிட்டுத்தானுங்கக்கா இருக்கறேன்" என்கிறாள். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலை. பெண்ணும் இரண்டு வயதுப் பிள்ளையும் அப்பா வீட்டில்.

இந்தத் தடவை வலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. இப்போதே நாமக்கல் கொண்டுபோய் ரத்தம் ஏற்றி, பிரசவம்வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க வேண்டும். போன தடவை நடந்தது இன்னொரு தடவை நடக்கக் கூடாது.

அவள் அப்பா சீரங்கன். மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. ஊர்ச் சாமிக்குப் பூசாரி.

"அடுத்த வியாழக்கெழம கூட்டிட்டுப் போங்க நர்ஸம்மா. காப்புக் கட்டியாச்சுங்க."

நேற்று காப்புக் கட்டு. அடுத்த புதன் திருவிழா முடியும்வரை ஊரில் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. மற்ற வீட்டுக்காரர்கள் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம். பூசாரி வீட்டுக்கு அது கிடையாது.

"ஒரு வாரம் தாங்காது, சீரங்கண்ணே."

"சாமி பாத்துக்குமுங்க."

ஆறு வருடமாக இந்த மலையில் எனக்குப் பிடிக்காத ஒரே வாக்கியம் இதுதான். நானும்தான் சொல்கிறேன், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஆனால் மற்றவர்கள் சொன்னால் எரிச்சல் வருகிறது.

மாலை ஆபீஸிலிருந்து போன். "சிஸ்டர், ஸ்வீட் எப்ப? ட்ரான்ஸ்பர் ஆர்டர் வந்திருக்கு. சொந்த ஊருக்கே."

நான் மாறுதல் கேட்கவே இல்லை.

மே 15, வியாழன்

தூக்கம் இல்லை. தலைவலி. காபி இரண்டு.

ஆர்டர் நிஜம். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிஷத் தூரத்தில் ஒரு துணை சுகாதார நிலையம். 22ஆம் தேதிக்குள் இங்கே பொறுப்பை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, ஆகஸ்ட். மத்தியானமே இருட்டின மழை. செல்விக்கு முதல் பிரசவம், என் கையில்தான் ஆனது. பிள்ளை வந்தது, பின்னாலேயே ரத்தம், நிற்கவில்லை. ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். பாதி வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே சொன்னேன்: ஆண்டவரே, இவளை எனக்குக் கொடும். நான் இந்த மலையைவிட்டு மாறுதல் கேட்க மாட்டேன். நீராக அனுப்பும்வரை இங்கேயே இருப்பேன்.

பொருத்தனை. அதை அசட்டையாகச் செய்ய எங்கள் அம்மா எனக்குச் சொல்லித்தரவில்லை.

மரத்தை வெட்டி நகர்த்தினார்கள். செல்வி பிழைத்தாள். பிள்ளையும்.

அதன்பிறகு வருடா வருடம் ராஜன் கேட்பார், "இந்த வருசமாவது எழுதிப் போட்டியா?" என்று. "சீனியாரிட்டி வராது, அடுத்த வருஷம் பார்ப்போம்." கர்த்தருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கட்டின புருஷனிடம் பொய். ஜெனி பத்தாவது போகப் போகிறாள். போன லீவுக்கு வந்தவள், மூன்றாம் நாளே பஸ் ஏற்றிவிடச் சொன்னாள். இந்த லீவுக்கு வரவே இல்லை.

இப்போது ஆர்டர். நீராக அனுப்பும்வரை என்றுதானே சொன்னேன்? அனுப்பிவிட்டாரா? குதிக்கலாம்போல இருந்தது. ஒரு அரை மணி நேரம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். மீன் குழம்பு வாசனைகூட வந்தது.

தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து ராஜனுக்குப் போன் போட்டேன். அங்கேதான் சிக்னல்.

"நான்தான் குடுத்தேன்" என்றார். "மூணு வருசம் முந்தி நீ வெறும் பாரத்துல கையெழுத்துப் போட்டுத் தந்தல்லா, அவசரத்துக்கு இருக்கட்டும்னு. அத நிரப்பிக் குடுத்துட்டேன். நீயா எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ மட்டும் எல்லாத்தையும் சொல்லுதியாக்கும்?"

ஸ்கூல் வேன் எடுக்க நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். பள்ளி லீவில் என்ன வேன்.

ஆக, அனுப்பியது கர்த்தர் இல்லை. ராஜன். அதுவும் என் கையெழுத்தை வைத்து, பொருத்தனைக்கு முந்தின கையெழுத்து. அல்லது கர்த்தர் ராஜன் மூலமாகவும் செய்யலாம். செய்திருக்கிறார், சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். நமக்கு வேண்டியது நடந்தால் உடனே அப்படிச் சொல்லிக்கொள்கிறோம்.

மே 16, வெள்ளி

உபவாசம். மதியம் மூன்றுவரை தண்ணீர் மட்டும்.

செல்வி: பி.பி. 130/90. கால் வீக்கம் லேசாக. பலாச்சுளை தின்றுகொண்டு கவலை இல்லாமல் சிரிக்கிறாள். எனக்கும் நீட்டினாள். "இன்னைக்கு நோன்பு கண்ணு" என்றேன்.

சீரங்கன் மரவள்ளிக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்பு. செருப்பு இல்லை, காப்புக் கட்டிய நாளிலிருந்து. ஒரு வேளைதான் சாப்பாடு.

மறுபடி சண்டை. அவர் சத்தம் போடவில்லை, நான்தான். "சாமி புள்ளையைக் காவு கேட்குமா? கேட்டால் அது சாமியா?" என்று கத்திவிட்டேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "நீங்க இன்னைக்குச் சாப்புடலீங்களே. உங்க சாமி கேட்டதுங்களா?"

பி.பி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பசி வேறு.

பெரிய டாக்டரிடம் போனில் சொன்னேன். "கூட்டிட்டு வாம்மா, என்ன கதை சொல்லிட்டிருக்க" என்றார். போலீஸை வைத்துத் தூக்கிக்கொண்டு போகவா முடியும். அப்படிச் செய்தால் அடுத்த கர்ப்பிணி என் கண்ணிலேயே படமாட்டாள்.

இரவு இதை எழுதாமல் படுத்திருக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன். என் பயம் ஹெச்.பி. மட்டும் இல்லை. செல்வியை நான் கேட்டு வாங்கினேன். விலை, இந்த மலையில் இருப்பது. நான் கிளம்பினால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ? இதை எந்தப் பாஸ்டரிடம் கேட்டாலும் நம் தேவன் அப்படிப்பட்டவர் அல்ல என்பார். எனக்கும் தெரியும். பயம் போகவில்லை.

மே 18, ஞாயிறு

மின்வாரிய ஃபோர்மேன் குவார்ட்டர்ஸில் ஜெபம். நாங்கள் ஆறு பேர், எல்லாரும் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பாஸ்டர் வந்திருந்தார், வளைவில் வாந்தி எடுத்த முகத்தோடு.

வந்து வந்து இன்றைக்கு அந்தப் பிரசங்கமா வர வேண்டும். மகனைப் பலிகொடுக்க மலையேறிக் கூட்டிப்போன தகப்பன். கீழ்ப்படிதல். ஒரு கேள்வி கேட்காத விசுவாசம். எல்லாரும் ஆமென். நானும் ஆமென்.

ஆனால் ஒன்று. கத்தி இறங்கவில்லை, சரி. கீழே இறங்கி வந்தபிறகு அந்தப் பையன் அப்பாவிடம் பேசினானா? வீட்டுக்குப் போய் என்ன சொன்னான்? யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை.

பாஸ்டரிடம் தனியே கேட்டேன், யாரோ ஒருவர் விஷயம்போல. "பொருத்தனை பண்ணிட்டா முறிக்கக் கூடாது சிஸ்டர்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா ஆண்டவர் இரக்கமுள்ளவர்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில். வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தமாதிரி.

ஃபோர்மேன் மனைவி: "சாட்சி சொல்லுங்க சிஸ்டர், ஆறு வருசம் கழிச்சு ட்ரான்ஸ்பர்!" வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு பொய். கணக்கில் சேர்க்க.

ஜெனிக்குப் போன். எடுக்கவில்லை. "ஷூ அளவு 6" என்று மெசேஜ் மட்டும் வந்தது.

மே 19, திங்கள்

மழை இல்லை. காற்று.

காலை ஏழு மணிக்கே சீரங்கன் நிலையத்து வாசலில். ராத்திரி செல்விக்கு மூச்சு வாங்கியதாம். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தாளாம். அவர் முகமும் தூங்கின முகமாக இல்லை.

"சாமிகிட்டக் கேட்டுப் பாத்தர்றனுங்க. பூப் போட்டு."

பூக் கேட்பது எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பூ ஒரு இலைப் பொட்டலம், சிவப்பு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி கட்டி சாமி முன்னால் போடுவார்கள். ஒருத்தர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

"சம்பந்தமில்லாத ஆளு எடுக்கோணுமுங்க. நீங்க வந்து எடுங்க நர்ஸம்மா."

என்னையா?

"இந்த ஊட்டுல எல்லாருக்கும் ஒரு ஆச இருக்குது. உங்களுக்கு எங்க சாமியே ஆகாது. அதனால கை நேரா இருக்கும்."

மாட்டேன் என்றேன். எங்கள் விசுவாசத்தில் அது கூடாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். கோயில் வேலிக்கு வெளியே, காபிச் செடி ஓரம் நின்றுகொண்டேன். கண்ணை மூடி ஜெபம்: வெள்ளை வரட்டும் கர்த்தாவே. எந்தச் சாமியின் பூவுக்கு யாரிடம் கேட்கிறேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் எடுத்தாள். சீரங்கன் பொட்டலத்தைப் பிரித்தார்.

செவ்வரளி.

எல்லை தாண்டக் கூடாது.

திட்ட வேண்டும்போல இருந்தது, யாரைத் திட்ட? நான் போய் எடுத்திருந்தால் வெள்ளை வந்திருக்குமோ. என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க இதே நினைப்பு. சத்து மாத்திரை இருப்பு இன்றும் எழுதவில்லை.

மே 20, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

எட்டரை மணி. செல்வியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு சீரங்கனும் அவர் மனைவியும் வந்தார்கள். துணிப்பை, பிளாஸ்க், பழைய போர்வை.

"ஜீப்புக்குச் சொல்லிட்டனுங்க. நீங்களும் வர்றீங்களா, நாமக்கல் மட்டும்?"

அவர் கையைப் பார்த்தேன். காப்பு இல்லை. மஞ்சள் கறை மட்டும் வளையமாக.

விடிகாலையில் கோயிலில் தம்பியை வரச்சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் காப்பை அவிழ்த்துத் தம்பி கையில் கட்டிவிட்டார். திருவிழாவுக்கு நடுவில் காப்பு அவிழ்த்தால் பூசாரித்தனம் போனது போனதுதான். இனி அது தம்பி வீட்டுக்கு, தம்பி மகனுக்கு, அவன் மகனுக்கு. சீரங்கன் இனி வேலிக்குள் கால் வைக்கக்கூடத் தம்பி கூப்பிட வேண்டும்.

"சாமி பூசாரி ஊட்டுப் புள்ள எல்ல தாண்டக் கூடாதுங்குது. அது சொன்னத நான் மீறலீங்க. எம் ஊடு பூசாரி ஊடு இல்ல இப்ப."

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அண்ணே, இது சாமியை ஏமாற்றுவது இல்லையா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஏமாத்துனா எனக்கு ஏதாச்சு மிஞ்சியிருக்கோணுமில்லீங்க" என்றார். "எனக்கு என்ன மிஞ்சுச்சு?"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்வி, "அப்பா, அப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீப் வர முக்கால் மணி நேரம். பெண்கள் உள்ளே. வாசலில் நானும் சீரங்கனும். ஏன் சொன்னேன் தெரியவில்லை, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். விழுந்த மரம், ஜீப், பொருத்தனை, ஜெனி, ஆர்டர். கட்டின புருஷனுக்குச் சொல்லாததை.

நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் முகம் கறுத்துவிட்டது.

"எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார். "ரெண்டு வருசமா எம் புள்ள உசுருக்கு உங்க புள்ள ஆத்தா இல்லாம இருந்துச்சுங்களா? அந்தப் புள்ளைக்காவது தெரியுங்களா?"

"தெரியாது."

"காப்பு எங்கையில இருந்துச்சு, அவுத்தேன். நீங்க உங்க பொண்ணு கையில கட்டிவுட்டீங்களே."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

எழுபது வளைவும் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். மரம் விழுந்த இடம் வந்தபோது அவளும் நானும் ஒரே நேரத்தில் வெளியே பார்த்தோம். அட்மிட் ஆனாள். ரத்தம் ஒரு பாட்டில் ஏறுகிறது. பி.பி. கூடியிருக்கிறது. "ரெண்டு நாள் பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்றார் டாக்டரம்மா. கடைசி பஸ்ஸில் மேலே வந்தேன். முதுகு கழன்றுவிட்டது.

மே 21, புதன்

திருவிழா. ஊரிலிருந்து காலை முதல் தப்பு மேளச் சத்தம்.

ரிஜிஸ்டர் எல்லாம் எழுதி முடித்தேன். மாத்திரை இருப்பு உட்பட.

பதினோரு மணிக்குத் தொட்டிப் படி. ஜெனி எடுத்தாள். அவள் அப்பா போனை ஆன் பண்ணி அவள் கையில் திணித்திருக்க வேண்டும், பின்னால் அவர் குரல் கேட்டது.

சொன்னேன். முழுக்க. கட் ஆகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அந்தக்கா பேரு என்னம்மா?"

"செல்வி."

"எனக்கு அப்போ எட்டாங்கிளாஸ் ஆரம்பம். நீ என்னயப் பிடிக்காமத்தான் அங்கயே இருக்கன்னு நெனச்சேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஏட்டி, அம்மா வரட்டுமா? உன்கிட்டத்தான் கேக்கேன்."

"வா." பிறகு: "ஆனா அந்தக்காவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ என்னய அப்படிப் பாக்கக் கூடாது."

"எப்படி?"

"அப்பாவப் பாப்பல்ல, லீவுக்கு வரும்போது. தப்பு பண்ணுனவுங்களப் பாக்க மாதிரி."

பதினைந்து வயது. எங்கே இருந்து இவ்வளவும் பார்த்தாள்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. கர்த்தாவே, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உம்மைக் கேட்காமல் கொடுத்தேன், என்னுடையது அல்லாததைக் கொடுத்தேன். கோபம் என்றால் என்மேல் வரட்டும். செல்விமேல் வேண்டாம், ஜெனிமேல் வேண்டாம். நான் இல்லாவிட்டாலும் நீர் இந்த மலையில் இருப்பீர் என்று நம்ப வேண்டும். இத்தனை வருடம் அதைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறேன்.

கண்ணைத் திறந்தேன். தப்புச் சத்தம் மட்டும்.

மே 22, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். 10.20.

ஒப்படைத்தவை: சாவி 3, தடுப்பூசிப் பெட்டி 1, ரிஜிஸ்டர் 14, கர்ப்பிணிகள் 9. புது நர்ஸுக்குச் செல்வி பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். பிறகு சிவப்பு வேண்டாம் என்று நீல மையில் மாற்றி எழுதினேன். விசுவாசிதான் நான்.

இரண்டு மணிக்கு நாமக்கல், ஆஸ்பத்திரி. வராந்தாத் தரையில் சீரங்கன், சுவரில் சாய்ந்து. மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. நேற்றுத் திருவிழா எப்படி நடந்தது என்று தம்பி போன் பண்ணினானா என்றேன். "பண்ணலீங்க" என்றார். பிறகு, "ஊருக்குப் போனா வேலிக்கு வெளிய நின்னு கும்புட்டுக்குவனுங்க. அங்கிருந்தும் சாமி தெரியும்" என்றார்.

செல்விக்கு இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஹெச்.பி. 8.6. பி.பி. இறங்கவில்லை. நாளை காலை ஆபரேஷன் பண்ணலாம் என்கிறார்கள். ஊசி போடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"நாளைக்கு நீங்க பக்கத்துல இருப்பீங்கல்லக்கா? போன தடவ மாதிரி?"

நான் ஊருக்குப் போவதை அப்பா சொல்லவில்லை போல. ஆறு மணிக்குத் தெற்கே போகிற பஸ். டிக்கெட் பைக்குள். ஒரு நாள்தானே, நாளைக்குப் போகலாமே என்று ஒரு மனசு. அந்த ஒரு நாளை எனக்குத் தெரியும், இரண்டு வருடமாக அதில்தான் இருக்கிறேன்.

"இருக்க மாட்டேன், கண்ணு" என்றேன்.

அவள் கையை விடவில்லை. நான்தான் விரல் விரலாக எடுத்துவிட்டு வந்தேன்.